28-க்கும் 31-க்கும் நடுவே

வெள்ளி இரவு

கேப் காட் கால்வாயில் ஸ்ட்ரைப்பர் மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்கள், வானிலையைப் பார்ப்பதற்கு முன்னால் அமாவாசை என்றைக்கு என்று பார்ப்பார்கள். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த சில நாள்களில், பொழுது விடிகிற நேரமாகப் பார்த்து, மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் நின்று கிழக்கே திரும்பும். ஜூன் மாதத்தில் அப்படியொரு விடியல் சனிக்கிழமையில் வந்து விழுந்தால் கரையில் நிற்க இடம் கிடைக்காது. இந்த வாரம் விழுந்திருக்கிறது.

மதியக் கூட்டத்தைக் காரில் இருந்தபடியே முடித்துவிட்டு, பாஸ்டனுக்கு மேற்கே வெஸ்ட்பரோவிலிருந்து நாலு பேரும் கிளம்பினோம். தூத்துக்குடி அண்ணாச்சி, வண்டி ஓட்டிய மாப்ள, புள்ளிவிவரங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் எங்கள் சயின்டிஸ்ட், அப்புறம் நான். அண்ணாச்சியின் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். அண்ணாச்சி இருபது வருடமாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாலும், தூண்டில் நரம்பில் முள் கட்டும்போது மட்டும் அவருடைய விரல்களுக்குக் கண் தேவைப்படுவதில்லை. மாப்ள மதுரைக்காரர். மீன் என்றால் அவருக்கு அயிரை. அதற்கு மேல் கேட்கக் கூடாது.

495-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, 25-ஆம் சாலையில் போர்ன் பாலத்துக்கு முன்பே வெளியேறிவிட்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பாலத்தில் ஏறுகிறவர்கள் பாவம் செய்தவர்கள். கேப் காட்டுக்குள் போகக் காருக்கு இருப்பது இரண்டே பாலங்கள், போர்ன், சாகமோர். இரண்டுமே 1935-இல் திறந்தவை. கோடைக்காலக் கூட்டம் மொத்தமும் இந்த இரண்டின் வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். எங்களுக்குப் பாலம் ஏறும் வேலை இல்லை. கால்வாயின் வடகரையோரம் போகும் ஆறாம் நம்பர் சாலையைப் பிடித்து, கிழக்குக் கோடியில் இருக்கும் ஸ்கஸெட் கடற்கரை முகாமில் கூடாரம் அடித்தாயிற்று. கொசு இருக்கிறது. நிறைய இருக்கிறது.

கால்வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எழுதப்போவது புரியாது. கேப் காட் என்பது மாசசூசெட்ஸின் தென்கிழக்கு மூலையிலிருந்து அட்லாண்டிக்குக்குள் வளைந்து நீளும் நிலம். நியூயார்க்கிலிருந்து பாஸ்டன் போகிற கப்பல் அதைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. மணல்திட்டுகளில் சிக்கி உடைந்த கப்பல்களுக்குக் கணக்கே இல்லை. குறுக்கே வெட்டிவிடலாம் என்ற பேச்சு, பிளிமத்தில் வந்திறங்கிய முதல் ஆங்கிலேயக் குடியேறிகள் காலத்திலேயே இருந்தது. வெட்டி முடித்தவர் ஆகஸ்ட் பெல்மான்ட் என்ற நியூயார்க் வங்கியாளர். 1909-இல் தொடங்கி 1914 ஜூலையில் திறந்தார். வழி குறுகல், நீர் இழுப்பு அதிகம், கப்பல்காரர்கள் பயந்தார்கள், வசூல் போதவில்லை. 1928-இல் மத்திய அரசு வாங்கி, முப்பதுகளில் 480 அடி அகலத்துக்கும் 32 அடி ஆழத்துக்கும் தோண்டியது. இன்றைக்கும் ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில்தான் இருக்கிறது. நிலத்தை வெட்டிய பகுதி மட்டும் சுமார் ஏழு மைல்.

மேற்கே பஸர்ட்ஸ் விரிகுடா, கிழக்கே கேப் காட் விரிகுடா. மேற்கில் கடல் ஏறி இறங்கும் உயரம் சுமார் நாலு அடி. கிழக்கில் அது சுமார் ஒன்பது அடி. இரண்டு பக்கமும் ஏற்றம் ஒரே நேரத்தில் வருவதும் இல்லை, சுமார் மூன்று மணி நேர வித்தியாசம். அதனால் எப்போதும் ஏதோ ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். ஆறு மணி நேரம் ஒரு திசையில் ஓடும் நீர், சில நிமிடம் அசையாமல் நின்று, எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். வேகம் மணிக்கு ஐந்து மைல் வரை போகும். இரைமீன் கூட்டம் இந்த இழுப்பில் மாட்டிக்கொண்டால் அதற்குத் தன் இஷ்டத்துக்குத் திரும்பிப் போக வழி இல்லை. ஸ்ட்ரைப்பருக்கு அது தெரியும். தூண்டில்காரர்களுக்கும் தெரியும்.

படுக்கும் முன் அண்ணாச்சி தன் பையிலிருந்து கணவாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். இரை போட்டுப் பிடிக்கலாம், தவறில்லை. ஆனால் 2021-லிருந்து இந்தக் கடற்கரை மாநிலங்களில் ஸ்ட்ரைப்பருக்கு இரை போடுகிறவர் வட்ட முள்தான் கட்ட வேண்டும். நுனி உள்நோக்கி வளைந்த முள் அது. மீன் இரையை விழுங்கினாலும் முள் வயிற்றில் குத்தாது, வழுக்கிக்கொண்டு வந்து வாயோரத்தில் மாட்டும். அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மீன் பொழைக்கதுக்குன்னே முள்ளு செஞ்சிருக்கான்வளே” என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை ஐஸ் பெட்டிக்குள் போட்டார்.

சனிக்கிழமை

மூன்று மணிக்கு எழுந்தோம். பல் தேய்த்தது அண்ணாச்சி மட்டும்.

கால்வாயின் இரு கரையிலும் பொறியாளர் படை போட்ட தார்ச்சாலை ஓடுகிறது; காருக்கு அனுமதி இல்லை. அதனால் இங்கே தூண்டில்காரருக்கு மிதிவண்டிதான் வாகனம். பின் கேரியரில் பால் பெட்டி, அதன் மூலைகளில் இரண்டடி பிவிசி குழாய் கட்டி, குழாய்க்குள் பதினோரடி ராடுகளைச் செருகி, நெற்றியில் விளக்கோடு இருட்டில் வரிசையாகப் போகிறார்கள். சாலையோர விளக்குக் கம்பங்களுக்கு எண் உண்டு. எந்தக் கம்பத்தடியில் நேற்று மீன் கிடைத்தது என்று ஒருவரும் உண்மையைச் சொல்வதில்லை.

கரை முழுக்கப் பாறை கொட்டி வைத்திருக்கிறார்கள். நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் அத்தனையும் பச்சைப்பாசி. ஆணி பதித்த செருப்பு இல்லாமல் அங்கே கால் வைத்தால் நேராகக் கால்வாய்தான். கால்வாயில் விழுந்தவரை நீர் எங்கே கொண்டுபோகும் என்பது அந்த நேரத்து ஓட்டத்தைப் பொறுத்தது. மாப்ளக்கு அந்தச் செருப்பைக் கட்டிவிட்டு, நீரிலிருந்து நாலு பாறை தள்ளியே நிற்கச் சொன்னோம். அவரும் மறுப்பு சொல்லாமல் நின்றார்.

எங்களுக்கு இடப்பக்கம் நியூ பெட்ஃபோர்டிலிருந்து வந்த ஒரு தாத்தா. எழுபதைத் தாண்டியிருப்பார். அப்பா அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவராம். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “முறை தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். முறை இதுதான்: நீர் வரும் திசையில் சற்றே சாய்த்து வீச வேண்டும். ஈயத்தலை வைத்த போலி இரை மூழ்கி, தரையைத் தொட்டு, ஓட்டத்தோடு உங்களைக் கடந்து போகும். அது பக்கத்து ஆளின் எல்லைக்குள் நுழையுமுன் சுற்றி எடுத்துவிட வேண்டும். வலப்பக்கத்தவர் வீசியதும் நீங்கள், நீங்கள் வீசியதும் இடப்பக்கத்தவர். தாளம் தப்பினால் பத்துப் பேருடைய நரம்பும் ஒரே முடிச்சு. சண்டையெல்லாம் வருவது அதில்தான், மீனில் அல்ல.

நாலரை வாக்கில் கிழக்கே வெளுத்தது. நீர் இன்னும் மேற்கே போய்க்கொண்டிருந்தது, ஆனால் தளர்ந்து. ஒரு பாசிக்கொத்து எங்கள் முன்னால் மெதுவாக நகர்ந்து, நின்று, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. தாத்தா சுற்றுவதை நிறுத்திவிட்டுக் காப்பியைக் குடித்தார். ஓரிரு நிமிடம் கழித்து அதே பாசிக்கொத்து வந்த வழியே திரும்ப ஆரம்பித்தது. அவர் குவளையை மூடிப் பாறை இடுக்கில் செருகிவிட்டு, ராடை எடுத்து, நுனியில் இருந்த ஈயத்தலையைக் கழற்றி, பாப்பர் என்ற, மேலே மிதக்கும் நீள மரப் போலி இரையை மாட்டினார். நானும் மாட்டினேன். பார்த்துச் செய்வதில் என்ன வெட்கம்.

முதலில் தெரிந்தது கானாங்கெளுத்தி. அட்லாண்டிக் கானாங்கெளுத்திக்கு முதுகில் நெளிநெளியாகக் கோடு. நம் ஊரில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் ஒடிசல். ஜூனில் இவை கேப் காட் விரிகுடாவிலிருந்து கால்வாய்க்குள் கூட்டமாக நுழைகின்றன. நீர்ப்பரப்பில் மழைத்தூறல் விழுந்த மாதிரி ஒரு திட்டு சிலிர்த்தது. அடுத்த நொடி அந்தத் திட்டு உடைந்தது. அகலமான ஒரு வால், ஒரு வெள்ளை வயிறு, தண்ணீர் ஆளுயரத்துக்குத் தெறிக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, எதிர்க்கரையில் மூன்று. கரை முழுக்க ராடுகள் வளைந்தன. யாரும் கத்தவில்லை. ரீல்களிலிருந்து நரம்பு இழுபடுகிற ஓசை மட்டும் கரை நெடுகக் கேட்டது.

முதல் மீன் மாப்ளக்கு! நாலு பாறை தள்ளி நின்றவர், சும்மா வீசிப் பார்த்தவர். அண்ணாச்சி பக்கத்தில் போய் நின்று, “இழுக்காதல, அது ஓடட்டும். நின்னதும் சுத்து. ஓடுனா விடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வந்தது 22 அங்குலக் குட்டி. மாப்ள அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு பையைத் தேடினார். சயின்டிஸ்ட் அளவுப் பலகையைக் காட்டினார். “28-க்குக் கீழ. விட்டுருங்க.” மாப்ள முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

சட்டம் இதுதான். வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து அளந்தால், மீன் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 31 அங்குலத்தைத் தொடவும் கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று. 2023 மே மாதம் அட்லாண்டிக் கடலோர மாநிலங்களின் மீன்வள ஆணையம் அவசரமாகக் கொண்டுவந்தது. அதற்கு முன் 28-லிருந்து 35 வரை வைத்துக்கொள்ளலாம். 2015-இல் பிறந்த மீன்கள் பெரும் எண்ணிக்கையில் தப்பிப் பிழைத்திருந்தன; அவை வளர்ந்து அந்த வரம்புக்குள் நுழைந்த 2022-இல் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோன மீன் முந்தைய வருடத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆணையம் மேல்வரம்பை 31-க்கு இறக்கி அந்தத் தலைமுறையைக் காப்பாற்றப் பார்த்தது. அதற்குப் பின்னால் வரப்போகும் தலைமுறைகள் மெலிந்தவை என்பதுதான் பயம். பெரும்பாலான ஸ்ட்ரைப்பர்கள் செசபீக் விரிகுடாவின் ஆறுகளில் முட்டையிடுகின்றன. மேரிலாந்து அங்கே 1954-லிருந்து ஒவ்வொரு கோடையிலும் வலை போட்டுக் குஞ்சு எண்ணுகிறது. 2019-லிருந்து எண்ணிக்கை வருடா வருடம் சராசரிக்கு வெகு கீழே.

இதையெல்லாம் சயின்டிஸ்ட் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சியின் ராடு வளைந்தது. வளைந்தது என்றால், நுனி நீரைத் தொட்டது. மீன் ஓட்டத்தோடு கிழக்கே கிளம்பிவிட்டது. அவர் “வழி, வழி” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு கரையோரமாக நடந்தார். பெரிய மீன் மாட்டியவருக்கு எல்லோரும் தங்கள் நரம்பைச் சுற்றி வழிவிட வேண்டும் என்பதும் முறையில் சேர்த்தி. தாத்தா ராடை உயர்த்திக் குனிந்து வழிவிட்டார். மூன்று விளக்குக் கம்பம் தள்ளிப் போய்த்தான் அண்ணாச்சியால் நிற்க முடிந்தது. நான் பின்னாலேயே ஓடினேன், பலகையைத் தூக்கிக்கொண்டு.

பாறையிடுக்குக்கு அது வந்தபோது முதலில் தெரிந்தது முதுகுத் துடுப்பின் முட்கள். பிறகு பக்கவாட்டுக் கோடுகள். தோளிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கறுப்பு வரிகள். ஒன்று நடுவில் அறுந்து, அரை அங்குலம் இறங்கித் திரும்பத் தொடங்குகிறது. முதுகு பச்சையும் பழுப்புமாக மின்னியது. வயிறு சுத்த வெள்ளை. வாய் என் இரண்டு முஷ்டியையும் கொள்ளும். உதட்டில் பெரிய பல் கிடையாது; கட்டைவிரலை உள்ளே விட்டுக் கீழ்த்தாடையைப் பிடிக்கலாம், உப்புத்தாளைத் தொட்டது போலச் சொரசொரவென்று இருக்கும். நாற்பது அங்குலத்துக்கு ஒரு நூல் கூடுதல். எடை இருபத்தைந்து பவுண்டுக்குக் குறையாது. இந்த அளவில் இருப்பது அநேகமாகப் பெண் மீன்தான். ஆண் இவ்வளவு வளர்வது அபூர்வம்.

அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கய்யா இருந்தா இத வித்துட்டு ஒரு வாரம் வீட்ல உக்காந்திருப்பாரு” என்றார். பிறகு அவரே குனிந்து, பின்னிழுப்பு முள் நசுக்கப்பட்ட ஒற்றைக் கொக்கியை இடுக்கியால் ஒரே திருப்பில் கழற்றினார். மீனை நீரில் இறக்கி, தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, ஒரு கையால் கீழ்த்தாடையையும் மறு கையால் வாலடியையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். செவுள் மெதுவாகத் திறந்து மூடியது. ஒரு நிமிடம் போயிருக்கும். திடீரென்று தாடை அவர் கட்டைவிரலை இறுக்கியது. விடலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். விட்டார். வாலால் ஒரு வாரு வாரியது. அவர் சட்டை முழுக்க நனைந்தது.

அதற்குள் தாத்தா இரண்டு மீன் பிடித்து இரண்டையும் விட்டிருந்தார். பிடிப்பதும் விடுவதும் அவருக்கு ஒரே அசைவு. எவ்வளவு நாளாக இங்கே வருகிறீர்கள் என்று கேட்டேன். மீனே இல்லாத காலத்திலும் வந்திருக்கிறேன் என்றார். எழுபதுகளின் கடைசி, எண்பதுகள். ஒரு கோடைக்காலம் முழுக்க நின்று ஒன்றுகூடக் கிடைக்காமல் போன வருடம் உண்டாம். அவர் சொன்னது மிகையாக இருக்க வேண்டியதில்லை. இந்தக் கடற்கரையில் வணிகப் படகுகள் 1973-இல் இறக்கிய ஸ்ட்ரைப்பர் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு. பத்தே வருடத்தில், 1983-இல், முப்பத்தைந்து லட்சம். 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. மேரிலாந்து 1985-லிருந்து ஐந்து வருடம் இந்த மீனைத் தொடவே கூடாது என்று மூடியது. 1995-இல்தான் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். தாத்தா சட்டம் பேசவில்லை. “அப்போது நாங்கள் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோனோம்” என்றார், அவ்வளவுதான்.

ஐந்தரை மணிக்கு ஒரு இழுவைப் படகு, எண்ணெய்த் தொம்பை மிதவையை இழுத்துக்கொண்டு கிழக்கே போனது. எல்லோரும் நரம்பைச் சுற்றிவிட்டு ஏறி நின்றோம். கப்பல் கடக்கும்போது கரையோர நீர் முதலில் உள்வாங்கும், அப்புறம் பாறைமேல் ஏறி அடிக்கும். அது போனதும் மீன் அடங்கிவிடும் என்று நினைத்தேன். இல்லை, இன்னும் அரைமணி நேரம் ஆட்டம் நடந்தது. எனக்கு 33 ஒன்று, அதைவிடச் சின்னது ஒன்று. இரண்டும் தண்ணீருக்கே. ஒரு சாம்பல்நிறக் கடல்நாய் நடுக்கால்வாயில் தலையைத் தூக்கி எங்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவருடைய மீனில் பாதியை அது அளவு பார்க்காமலேயே எடுத்துக்கொண்டது.

கடைசியில் சயின்டிஸ்டுக்கு ஒன்று வந்தது. பலகையில் வைத்து வாலைச் சேர்த்தார். இருபத்தொன்பதரை. இரண்டாவது முறை அளந்தார். மூன்றாவது முறை மாப்ள அளந்தார். தாத்தா எட்டிப் பார்த்து, “சாப்பாடு” என்றார்.

ஆறரைக்கு எல்லாம் முடிந்தது. நீர் ஓடுகிற வேகத்தில் ஈயம் தரையைத் தொடவே இல்லை. சொல்லி வைத்தாற்போல மிதிவண்டிகள் கிளம்பின.

சனி இரவு

ஸ்ட்ரைப்பர் சதை வெள்ளை, உறுதி, முள் தொல்லை இல்லை. கொடுவா தின்றவர்களுக்கு அந்நியமாக இருக்காது. தோலுக்கு அடியில் நடுக்கோட்டை ஒட்டி ஒரு சிவப்புச் சதை ஓடும், அதைக் கத்தியால் சீவி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் நாற்றம். அண்ணாச்சி நடுத்துண்டுகளை மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சையில் பிரட்டி இரும்புச் சட்டியில் பொரித்தார். தலையையும் முதுகெலும்பையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிக்கரைசலில் போட்டார். தேங்காய் அரைக்க வழி இல்லை, டப்பாப் பால்தான். பக்கத்துக் கூடாரத்துக் குடும்பம் வாசனைக்கு எட்டிப் பார்த்தது. ஆளுக்கொரு துண்டு கொடுத்தோம். குழம்பைக் கொடுக்கவில்லை. போதாது.

சாப்பிட்டுக்கொண்டே அண்ணாச்சி ஆரம்பித்தார். “எங்க ஊர்ல நாளைப் பூட்டுவாங்க. இங்க அளவைப் பூட்டுதான். எது சரி?”

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முதலில் 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61 நாள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. அது முட்டையிடும் காலத்தைக் காப்பாற்றுகிற முறை. இழுவலை மீனுக்கு அளவு பார்க்காது, ஆகவே வலையையே கரையில் நிறுத்துகிறார்கள். இங்கே தூண்டில் ஒவ்வொரு மீனாகப் பிடிக்கிறது, அதனால் ஒவ்வொன்றாக அளந்து விட முடிகிறது. சயின்டிஸ்ட் அப்படித்தான் சொன்னார். எனக்கும் அது சரி என்றே பட்டது.

அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. “விட்டதெல்லாம் பொழைக்குமா?” நியாயமான கேள்வி. விடப்படும் ஸ்ட்ரைப்பர்களில் 9 சதவீதம் பிறகு செத்துவிடும் என்றுதான் ஆணையம் கணக்கில் வைத்திருக்கிறது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் விடப்படுவது கோடிக்கணக்கில், ஆகவே சில வருடங்களில் தூண்டில்காரர்களால் சாகும் மீனில் பாதி இப்படி விடப்பட்டுச் சாவதுதான். காலையில் எங்கள் பக்கத்தில் ஒருவர், மீனைப் பாறைமேல் போட்டு, நாலு கோணத்தில் படம் எடுத்து, பிறகு காலால் தள்ளினார். அது வயிறு மேலாக மிதந்து போனது. சட்டப்படி அவர்மேல் குற்றமில்லை, அளவு தவறிய மீனை நீருக்கே அனுப்பிவிட்டார். என்னைக் கேட்டால், பொரித்துத் தின்றிருந்தாலாவது பரவாயில்லை.

மாப்ள இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. குழம்புச் சட்டியில் ரொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மீனைப் பற்றிய சட்டம் ஒன்றும் புதிதல்ல என்று சயின்டிஸ்ட் முடித்தார். 1639-லேயே மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பேரவை, காட் மீனையும் பாஸ் மீனையும் (நம் ஸ்ட்ரைப்பர்தான்) வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. மக்காச்சோளக் குழியில் புதைக்கிற அளவுக்கு மீன் கிடந்திருக்கிறது. 1670-இல் பிளிமத் குடியேற்றம், கேப் காட்டில் பிடிபடும் பாஸ், கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் ஆகியவற்றின் வருமானத்தை ஓர் இலவசப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியது. மீன் காசில் பள்ளிக்கூடம் என்றதும் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். “நானும் மீன் காசுல படிச்சவன்தானவே.”

ஞாயிறு

தென்மேற்குக் காற்று இரவே எழுந்துவிட்டது. விடியலில் போய் நின்றோம். நீர் திரும்புவது நேற்றைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போயிருந்தது, அதற்குள் வெயில் ஏறிவிட்டது. பாசி வேறு, ஒவ்வொரு வீச்சுக்கும் கைநிறைய. தாத்தா வரவே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கூடாரத்தைப் பிரித்துவிட்டு, வழியில் போர்ன்டேலில் ஹெர்ரிங் ஏணியைப் பார்க்க நின்றோம். கால்வாய்க் கரையிலிருந்து சாலைக்கு அடியில், கான்கிரீட் படிகளாக ஓர் ஓடை மேலேறுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கடலிலிருந்து வரும் ஹெர்ரிங் இந்தப் படிகளில் துள்ளி ஏறி, மேலே கிரேட் ஹெர்ரிங் குளத்துக்குப் போய் முட்டையிடும். நாங்கள் போனபோது காலம் முடிந்துவிட்டது. கடைசிப் படியில், மூக்கு தேய்ந்த ஒரு ஏழெட்டு மீன் மட்டும் ஓட்டத்துக்கு எதிராக நின்ற இடத்திலேயே நீந்திக்கொண்டிருந்தன. வசந்தத்தில் ஸ்ட்ரைப்பர் வந்து இந்த வாசலில்தான் காத்துக் கிடக்கும். முன்பெல்லாம் தூண்டில்காரர்கள் ஹெர்ரிங்கை இங்கேயே வாரி எடுத்து உயிரோடு இரையாகப் போடுவார்களாம். 2006-இல் மாநிலம் அதைத் தடுத்துவிட்டது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பையன் படிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

போர்ன் பாலத்துக்கு அந்தக் கரையில் அப்டக்ஸெட் வணிகச்சாவடி இருக்கிறது; 1627-இல் பிளிமத்துக்காரர்கள் டச்சுக்காரர்களோடு பண்டமாற்று செய்த இடத்தில், அதன் மாதிரியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதே வளாகத்தில் ஒரு குட்டி ரயில் நிலையம். அமெரிக்க அதிபராக இருந்த குரோவர் கிளீவ்லண்டுக்காகக் கட்டியது. இந்த ஊரில் கிரே கேபிள்ஸ் என்று கோடைக்கால வீடு வைத்திருந்தார், மீன் பிடிப்பதில் பெரும் பித்து. போய்ப் பார்க்கலாம் என்றேன். பாலத்தின் மேல் நிற்கும் வண்டி வரிசையை மாப்ள கைகாட்டினார். சரி, அடுத்த முறை.

பெட்ரோல் போட நின்ற இடத்தில் அண்ணாச்சி தூத்துக்குடிக்குப் போன் போட்டார். அங்கே இரவு எட்டு மணி இருக்கும். தம்பி விசைப்படகில் போகிறவர். தடை முடிந்து படகு கிளம்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் நாள் நல்ல மீன்பாடு, விலைதான் ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று அவர் சொல்வது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. அண்ணாச்சி தன் படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

“அண்ணே, நல்ல மீனால்லா இருக்கு! என்ன எடை?”

“பன்னெண்டு கிலோ இருக்கும். விட்டுட்டேன்.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

“எதுக்கு, செத்துப்போச்சா?”

“இல்லல. அளவு கூடிப்போச்சு.”

“அளவு கூடுனா விடணுமா?”

“கூடுனாலும் விடணும், கொறஞ்சாலும் விடணும். மூணு இஞ்சுக்குள்ள இருந்தாத்தான் வீட்டுக்கு.”

தம்பி இன்னொருவரைக் கூப்பிட்டு இதைச் சொல்வது கேட்டது. அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு தம்பி மறுபடி லைனுக்கு வந்தார். “சரிண்ணே, அந்தப் படத்த குடும்ப குரூப்புல போடாத. அம்மா பாத்தா, இவ்ளோ பெரிய மீனத் தண்ணில விட்டுட்டு நீ அங்க என்ன திங்கன்னு கேக்கும்.”

அண்ணாச்சி ஏற்கெனவே போட்டிருந்தார்.